இருட்டறையில் பார்வையைப் பாடம் படித்தவர்: இப்னுல் ஹைதம்

கடப்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கி ஆலம்பரைக் கோட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே முழுதாக நிற்கும் சுவர் அதிகமில்லை. நவாபுகள் காலத்தில் எழும்பி, பின்பு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை அது. ஆனாலும் அரைவட்டமாக எஞ்சி நிற்கும் செங்கல் கட்டைப் பார்த்ததும், எங்கோ ஒரு கோட்டையைப் படத்திலாவது பார்த்திருக்கும் பிள்ளை, இது கொத்தளம் என்று சொல்லிவிடும். இல்லாத மீதிப் பாதியை அதற்குக் காட்டியது யார்? கழிமுகத்தில் தூரத்தே முனை மட்டும் தெரிந்தாலும், படகு வருகிறது என்கிறோமே, அது எப்படி?

கண்ணுக்குக் கிடைப்பது பொருளின் ஒரு பக்கம் மட்டுமே. அதை வைத்து முழுப் பொருளையும் அடையாளம் காண்பதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க இன்றைய பொறியாளர்கள் பெரும்பாடு படுகிறார்கள். இதே கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கெய்ரோவில் ஒருவர் பொறுமையாக எடுத்து ஆராய்ந்தார். அவர்தான் அபூஅலீ அல்ஹசன் இப்னுல் ஹைதம். ஐரோப்பியர் அவரை அல்ஹஸன் என்று அழைத்தார்கள்.

கி.பி. 965-ஐ ஒட்டி (ஹிஜ்ரி 354) இராக்கின் பஸராவில் பிறந்தார். கணிதத்தில் பெயரெடுத்த பிறகு, நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த ஒரு வழி இருக்கிறது என்று அவர் பேசியது எகிப்தை ஆண்ட ஃபாத்திமி கலீஃபா அல்ஹாகிமின் காதுக்கு எட்டியது. கலீஃபா அவரை அழைத்துக்கொண்டார். ஆட்களுடன் நதியின் வழியே தெற்கே அஸ்வான் பக்கம் வரை போனபோது, பழங்கால எகிப்தியர் எழுப்பிய கட்டடங்களைக் கண்டார். இவ்வளவு துல்லியமாகக் கட்டத் தெரிந்தவர்களே நைலைத் தடுக்கவில்லை என்றால் அது முடியாத காரியம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்து தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கலீஃபா அப்போது தண்டிக்கவில்லை, ஒரு பதவி கொடுத்தார். ஆனால் அல்ஹாகிம் எந்த நேரத்தில் யாரைக் கொல்லச் சொல்வார் என்று சொல்ல முடியாத ஆட்சியாளர். உயிருக்கு அஞ்சிய இப்னுல் ஹைதம் புத்தி பேதலித்தவர் போல நடித்தார் என்றும், சொத்துகள் பறிக்கப்பட்டு வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார் என்றும் வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி எழுதியிருக்கிறார். 1021-ல் (ஹிஜ்ரி 411) கலீஃபா காணாமல் போன பிறகுதான் வேஷம் கலைந்தது. இந்தக் கதையின் சில பகுதிகளை இன்றைய ஆய்வாளர்கள் சந்தேகிக்கவும் செய்கிறார்கள்.

கெய்ரோ வாழ்க்கையில் உருவானதுதான் கிதாபுல் மனாழிர், ஏழு பாகங்கள் கொண்ட ஒளியியல் நூல். கண்ணிலிருந்து ஒரு கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுகிறது என்பதே யூக்ளிட், தாலமி போன்ற கிரேக்க மேதைகளின் கொள்கை. சூரியனைப் பார்த்தால் கண் ஏன் வலிக்கிறது என்று கேட்டார் இவர். வெளியிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதால்தானே? இருட்டறைச் சுவரில் சிறு துளையிட்டு, வெளியே பல விளக்குகளை வைத்தார். உள்ளே ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி வெளிச்சப் புள்ளி விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்பது இப்படிக் கண்ணெதிரே நிரூபணமானது.

இதை வைத்து, கேமராவைக் கண்டுபிடித்தவர் இவரே என்று நம்மவர்கள் மேடையில் முழங்குவதுண்டு. அது சரியல்ல. துளை வழியே பிம்பம் விழுவதை அவருக்கு முன்பே சீனரும் கிரேக்கரும் கவனித்திருக்கிறார்கள். விழித்திரையில் பிம்பம் விழுவதும் அவருக்குத் தெரியாது, அதை விளக்க 1604-ல் கெப்ளர் வரவேண்டியிருந்தது. இல்லாத பெருமையைச் சேர்த்தால் இருக்கும் பெருமை மறைந்துபோகும்.

அந்த இருக்கும் பெருமை நூலின் இரண்டாம் பாகத்தில் கிடக்கிறது. கண் நேரடியாக உணர்வது ஒளியையும் நிறத்தையும் மட்டுமே என்றார். வடிவம், அளவு, தூரம், கனம் ஆகியவற்றை மனம் கணக்கிட்டு அறிகிறது. ஒரே இனத்துப் பொருட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது அவற்றின் பொதுவான வடிவம் நினைவில் தங்குகிறது. புதிதாக ஒன்றைக் கண்டதும் அதைத் தங்கிய வடிவத்தோடு ஒப்பிட்டு, பொருந்தினால் இன்னதென்று சொல்கிறோம். எல்லா உறுப்பையும் ஆராயத் தேவையில்லை, சில அடையாளங்களே போதும். இதற்கு அவர் தந்த உதாரணம் அப்ஜத் என்ற சொல். படிக்கத் தெரிந்தவர் அதை எழுத்துக் கூட்டாமல் முழு வடிவத்தைப் பார்த்த கணத்திலேயே அறிந்துகொள்வார். மத்ரஸாவில் குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளை, முதலில் எழுத்துக் கூட்டிப் பிறகு சரளமாக ஓதுவதைப் பார்த்த தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1963-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்ற மாணவர், மரக்கட்டைகளின் புகைப்படத்திலிருந்து விளிம்புக் கோடுகளைக் கணினியால் பிரித்தெடுத்து, கனசதுரம், ஆப்பு, அறுகோணப் பட்டகம் என்ற சேமித்த வடிவங்களோடு பொருத்திப் பார்த்தார். 1992-ல் பெஸ்ல், மெக்கே இருவரும் வேறொரு முறையை வெளியிட்டார்கள். பொருளின் மேற்பரப்பில் அளந்த ஒவ்வொரு புள்ளிக்கும் சேமித்த வடிவத்தில் மிக அருகிலுள்ள புள்ளியைத் தேடு, இடைவெளி குறையும்படி திருப்பு, நகர்த்து, மறுபடி தேடு. இவர்கள் இப்னுல் ஹைதமைப் படித்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கேள்வி ஒன்றாக இருந்ததால் விடையின் போக்கும் ஒத்துப்போயிருக்கிறது.

அவருடைய நூலைக் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ விரித்து எழுதி வானவில்லுக்கு விளக்கம் கண்டார். லத்தீன் மொழிபெயர்ப்பு 1572-ல் பாசல் நகரில் அச்சேறியது. கிதாபுல் மனாழிரின் ஆயிரமாண்டை ஒட்டி 2015-ஐ உலக ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது யுனெஸ்கோ அவரை நினைவுகூர்ந்தது.

1040-ஐ ஒட்டி கெய்ரோவில் அவர் இறந்தார். வேஷம் கலைந்த பிறகு அல்அஸ்ஹர் பள்ளிவாசல் பக்கத்திலேயே தங்கிவிட்டார். தான் மறுத்து எழுதிய அதே யூக்ளிட், தாலமியின் கணித நூல்களை ஆண்டுக்கொரு முறை தன் கையால் படியெடுத்து விற்றார். கிடைத்த 150 தீனார்தான் அவருடைய அந்த வருடச் செலவுக்கு.