அழைப்பின் பொருள் தேடிய பேரன்: ஹைதராபாத் தத்துவத் துறையை நிறுவிய ராமச்சந்திர காந்தியின் வாழ்க்கை

ஹைதராபாத்: ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம், அவர் திரும்பிப் பார்க்கிறார். அன்றாடம் பலமுறை நிகழும் இந்தச் சிறு செயலில் மனித உறவின் அடித்தளமே அடங்கியிருக்கிறது என்று வாதிட்டவர் பேராசிரியர் ராமச்சந்திர காந்தி. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறையை நிறுவியவர் அவர். மகாத்மா காந்திக்கு மகன் வழிப் பேரன். மூதறிஞர் ராஜாஜிக்கு மகள் வழிப் பேரன்.

இரண்டு பெரும் பெயர்களின் வாரிசாகப் பிறந்தபோதிலும், அவர் அரசியல் மேடையை நாடவில்லை. வகுப்பறையையும் உரையாடலையுமே தமது களமாகக் கொண்டார். நான் என்பதும் நீ என்பதும் உண்மையில் வேறுவேறா என்ற ஒரே கேள்வி அவரது நூல்கள் அனைத்தையும் இணைக்கிறது.

காத்திருந்து இணைந்த குடும்பம்

காந்தியடிகளின் இளைய மகன் தேவதாஸ் காந்தி, 1918-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து இந்தி கற்பித்தவர். பின்னாளில் அவரும் ராஜாஜியின் மகள் லட்சுமியும் ஒருவரையொருவர் விரும்பினர். குஜராத்தி வணிகர் குடும்பமும் தமிழ் அந்தணர் குடும்பமும் இணையும் திருமணம் அன்று எளிதானதன்று. தந்தையர் இருவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தனர். ஐந்து ஆண்டுகள் ஒருவரையொருவர் சந்திக்காமல் காத்திருக்க வேண்டும். அதன் பின்னரும் மனம் மாறாதிருந்தால் மணந்துகொள்ளலாம் என்பதே அது. இருவரும் காத்திருந்தனர். 1933 ஜூன் மாதம் புனேயில் திருமணம் நடைபெற்றது.

இத்தம்பதியருக்கு தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரா, கோபாலகிருஷ்ணா என நான்கு குழந்தைகள். ராமச்சந்திரா 1937 ஜூன் 9-ஆம் தேதி பிறந்தார். தந்தை 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' நாளிதழின் ஆசிரியராகப் பணியாற்றியதால் பிள்ளைகள் டெல்லியில் வளர்ந்தனர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டபோது ராமச்சந்திராவுக்கு வயது பத்து. 1957-இல் தந்தையும் மறைந்தார்.

ராஜ்மோகன் வரலாற்றாசிரியராகவும், கோபாலகிருஷ்ணா தூதராகவும் மேற்கு வங்க ஆளுநராகவும் புகழ் பெற்றனர். ராமச்சந்திரா தேர்ந்தெடுத்தது தத்துவம். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பயின்ற பின் இங்கிலாந்து சென்றார்.

ஆக்ஸ்ஃபோர்டில் எழுந்த கேள்வி

அக்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் மொழிப் பகுப்பாய்வுத் தத்துவத்தின் தலைமையிடமாக விளங்கியது. மனிதர்கள் அன்றாடம் பேசும் சொற்களைக் கூர்ந்து ஆராய்ந்தாலே தத்துவத்தின் பல முடிச்சுகள் அவிழும் என்பது அங்கு நிலவிய நம்பிக்கை. அந்த மரபின் முன்னணி அறிஞரான பீட்டர் ஸ்ட்ராசனிடம் பயின்று ராமச்சந்திரா முனைவர் பட்டம் பெற்றார்.

பால் கிரைஸ் என்ற மற்றோர் அறிஞர் அங்கு முன்வைத்த கொள்கை அந்நாளில் பெரிதும் விவாதிக்கப்பட்டது. பேசுபவர், கேட்பவரிடம் ஒரு விளைவை உண்டாக்கக் கருதுகிறார். அந்தக் கருத்தைக் கேட்பவர் உணர்ந்துகொள்வதன் வழியாகவே பொருள் பிறக்கிறது என்பது அதன் சாரம். ராமச்சந்திரா இதற்கும் முந்திய ஒரு படியைச் சுட்டிக்காட்டினார். எந்தச் செய்தியையும் சொல்வதற்கு முன் எதிரிலிருப்பவரை அழைக்க வேண்டும். அந்த அழைப்பு ஒரு தகவல் அன்று, கட்டளையும் அன்று. அழைக்கப்படுபவரின் உயரமோ நிறமோ குலமோ பதவியோ அங்கு பொருட்டல்ல. அவரை அவராகவே ஏற்று, மறுமொழி கூறும் உரிமையை அவருக்கே விட்டுக் காத்திருப்பதே அழைப்பு.

தமிழ் வாசகர்களுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. வேற்றுமைகளில் எட்டாவதாக விளி வேற்றுமை எண்ணப்படுகிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று தனி இயலே அதற்கு உண்டு. ஏனைய வேற்றுமைகள் பெயருக்கும் வாக்கியத்தின் பிற பகுதிகளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகின்றன. விளியோ கேட்பவரை நேராக முன்னிலைப்படுத்துகிறது. இலக்கணம் தனித்து வைத்த இந்த வேறுபாட்டில்தான் ராமச்சந்திரா தத்துவத்தின் ஊற்றைக் கண்டார் எனலாம்.

மனிதத் தொடர்பின் முன்நிபந்தனைகள் குறித்த அவரது முதல் ஆங்கில நூல் 1974-இலும், சமயக் கருத்துகள் மனிதனுக்கு எவ்வாறு கைகூடுகின்றன என்பதை ஆராயும் நூல் 1976-இலும் வெளிவந்தன. ஆன்மா, பிரார்த்தனை போன்ற சொற்களைப் பகுப்பாய்வுத் தத்துவம் பெரும்பாலும் ஒதுக்கி வைத்த காலம் அது. அதே பகுப்பாய்வுக் கருவிகளைக் கொண்டு அச்சொற்களுக்கு மீண்டும் இடம் தேடித் தந்தது அவரது துணிவு.

ஹைதராபாத்தில் ஒரு தொடக்கம்

ஹைதராபாத்துக்குத் தத்துவக் கல்வி புதியதன்று. 1918-இல் தோன்றிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உருது மொழியில் உயர்கல்வி வழங்கியது. அதற்கெனச் செயல்பட்ட மொழிபெயர்ப்பகம் மேலைத் தத்துவ நூல்களையும் உருதுவில் தந்தது. கலீஃபா அப்துல் ஹக்கீம் போன்ற அறிஞர்கள் அங்கு தத்துவம் கற்பித்தனர்.

புதிய மத்தியப் பல்கலைக்கழகம் வேறொரு சூழலில் பிறந்தது. 1969-இல் தெலங்கானா போராட்டமும், 1972-இல் ஆந்திரப் பகுதியில் தனி மாநிலப் போராட்டமும் வெடித்தன. இரு பகுதி மக்களும் ஒருவரையொருவர் நம்ப மறுத்த நிலையில், 1973-இல் ஆறு அம்சத் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் ஓர் அம்சமே ஹைதராபாத்தில் மத்தியப் பல்கலைக்கழகம் அமைப்பது. இதற்கென அரசமைப்புச் சட்டமும் திருத்தப்பட்டு, 1974-இல் பல்கலைக்கழகம் உருவானது.

கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் இல்லமான 'கோல்டன் த்ரெஷோல்டு' அதன் முதல் வளாகம். காந்தியடிகளின் நெருங்கிய தோழியாகவும் உப்புச் சத்தியாகிரகத்தில் அவருக்குப் பின் தலைமை ஏற்றவராகவும் விளங்கியவர் சரோஜினி. அவர் வாழ்ந்த வீட்டில் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் காந்தியடிகளின் பேரன் ஒரு துறையை நிறுவியது வரலாற்றின் இனிய தற்செயல். பின்னர் நகரின் மேற்கே கச்சிபௌலியில் பரந்த வளாகத்துக்குப் பல்கலைக்கழகம் இடம் மாறியது.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் தத்துவத் துறைகள் நெடுங்காலமாக ஒரு பிளவைச் சுமந்து வந்தன. மேலைத் தத்துவம் ஒரு தாள். இந்தியத் தத்துவம் மற்றொரு தாள். முன்னதில் வாதம், பின்னதில் வரலாறு என்ற பழக்கமும் வேரூன்றியிருந்தது. ராமச்சந்திராவின் எழுத்து இந்தப் பிளவை ஏற்கவில்லை. ஸ்ட்ராசனையும் சங்கரரையும் ஒரே கேள்வியின் முன் நிறுத்தி, இருவரிடமும் வாதத்தை எதிர்பார்த்தது. ஹைதராபாத் துறையில் பின்னாளில் மொழித் தத்துவமும் அறிவியல் தத்துவமும் இந்தியச் சிந்தனையும் அருகருகே வளர்ந்தன.

சாந்திநிகேதனின் விஸ்வபாரதி, பஞ்சாப், பெங்களூரு பல்கலைக்கழகங்களிலும், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் அவர் கற்பித்தார்.

திருவண்ணாமலையும் அயோத்தியும்

ரமண மகரிஷியின் போதனை அவரை ஆழமாக ஈர்த்தது. நான் யார் என்ற விசாரணையை அவர் துறவியரின் தனியுடைமையாகக் கருதவில்லை. தன்னை அறிய முயல்பவன் பிறரைப் பகைக்க இயலாது என்பதால், அது சமூகத்துக்கும் உரிய விசாரணை என்று கண்டார். அழைப்பைப் பற்றிய ஆய்வில் தொடங்கிய பயணம் இவ்வாறு அத்வைதத்தை அடைந்தது. 1984-இல் வெளியான அவரது நூலின் தலைப்பே, நானே நீ என்று பொருள்படும்.

அந்தத் தத்துவத்துக்குக் கடுமையான சோதனை அயோத்தியில் வந்தது. பாபர் மசூதி வளாகம் குறித்த பூசல் நாட்டைப் பிளந்துகொண்டிருந்தபோது, அங்கு சீதையின் சமையலறை என மக்கள் வழங்கிய ஓர் இடத்தின் மீது அவரது கவனம் சென்றது. 'சீதையின் சமையலறை' என்ற தலைப்பிலேயே 1992-இல் நூல் வெளியிட்டார். அனைத்துயிர்க்கும் உணவளிக்கும் நிலத்தாயின் அடுக்களையை ஒரு தரப்பார் மட்டும் தமதென்று கொள்ள முடியுமா என்பது அந்நூலின் உள்ளோட்டம். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று மசூதி இடிக்கப்பட்டது.

அந்நூலில் ஒரு பௌத்தக் கதைக்கு மைய இடம் உண்டு. தம் உடைமைகளை எடுத்துக்கொண்டு ஓடிய பெண்ணை இளைஞர் சிலர் காட்டில் தேடி வருகின்றனர். வழியில் அமர்ந்திருந்த புத்தர், அவளைத் தேடுவது நல்லதா, தம்மைத் தாமே தேடுவது நல்லதா என்று அவர்களிடம் கேட்கிறார். பழிதீர்க்கப் புறப்பட்டவர்கள் கேள்வியின் முன் நின்றுவிடுகின்றனர். அயோத்தி நோக்கிச் சென்ற தலைமுறைக்கு அக்கேள்வியையே ராமச்சந்திரா நினைவூட்டினார். தாத்தா ராஜாஜி இராமகாதையை 'சக்கரவர்த்தித் திருமகன்' எனத் தமிழில் எழுதி 1958-இல் சாகித்ய அகாடமி விருது பெற்றவர். பேரன் அதே காதையின் நாயகியை நாட்டின் மனச்சான்றாக முன்னிறுத்தினார்.

இறுதி ஆண்டுகள்

பிற்காலத்தில் டெல்லியின் இந்தியா இன்டர்நேஷனல் சென்டர் அவரது வகுப்பறையாயிற்று. மாணவர், ஓவியர், எழுத்தாளர் எனப் பலரும் அவரோடு உரையாட அங்கு வந்தனர். ஓவியர் தையப் மேத்தாவின் சாந்திநிகேதன் முப்பலகை ஓவியத்தை முன்வைத்து, 'ஸ்வராஜ்' என்ற நூலை 2002-இல் வெளியிட்டார். ஒரு முஸ்லிம் ஓவியர் பழங்குடி மக்களின் விழாவைத் தீட்டிய அந்த ஓவியத்தில், தாத்தா காந்தி கனவு கண்ட தன்னாட்சியின் ஆன்மிகப் பொருளை அவர் வாசித்தார். 2005-இல் 'முனியாவின் ஒளி' என்ற புனைகதை வெளிவந்தது. அவரது மகள் லீலா காந்தி, பின்காலனியக் கோட்பாட்டுத் துறையில் உலகறிந்த அறிஞராகத் திகழ்கிறார்.

எழுபது வயது நிறைவடைந்த நான்காம் நாள், 2007 ஜூன் 13 அன்று, டெல்லியில் ராமச்சந்திர காந்தி காலமானார்.

பிரிவினைப் பூசலைத் தணிக்கப் பிறந்த பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய துறை கச்சிபௌலி வளாகத்தில் இன்றும் இயங்குகிறது. எதிரே நிற்பவரின் அடையாளத்தைக் கேட்பதற்கு முன் அவரை மனிதராக அழைக்க முடியுமா என்று அவர் எழுப்பிய கேள்வி, தத்துவ வகுப்புகளுக்கு வெளியேயும் விடைக்காகக் காத்திருக்கிறது.