மலை உழவர்களின் தோழர் ஸ்டோக்ஸ்

நம் தண்டலம் கடைகளில் ஆப்பிள் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அக்கனியைச் சிம்லா மலையின் சிற்றுழவர்களுக்கு வாழ்வாக்கித் தந்தவர் யார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர்தாம் சாமுவேல் ஈவான்ஸ் ஸ்டோக்ஸ் என்னும் பெருந்தகை.

இவர் 1882ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். 1904இல், தமது 21ஆம் வயதில், சபாத்து என்னும் ஊரில் தொழுநோயாளருக்குத் தொண்டு செய்ய இந்தியா வந்தார். மறு ஆண்டு காங்கிராவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அங்கும் ஓடிச் சென்று உதவினார். பின்னர் சிம்லாவை அடுத்த கோட்கட் மலைப்பகுதியில் நிலம் வாங்கிக் குடியேறினார். 1912இல் அவ்வூர்ப் பெண்ணான ஆக்னஸ் அம்மையாரை மணந்து, தாமும் ஓர் உழவராகவே வாழ்ந்தார்.

அம்மலை மக்களுக்குச் சிறு நிலமே இருந்தது. விளைச்சலும் வயிற்றுக்கே போதவில்லை. அதற்கு மேல் 'பேகார்' என்னும் கட்டாய வேலை அவர்களை வாட்டியது. அதிகாரிகள் மலைப்பாதையில் வந்தால், விதைப்புக் காலமானாலும் அறுவடைக் காலமானாலும், உழவர்கள் வேலையை விட்டுவிட்டு அவர்களுடைய மூட்டைகளைச் சுமக்க வேண்டும். தன் கைகளே தனக்குச் சொந்தமில்லாதவன் மரம் வளர்ப்பது எங்ஙனம்? இதை உணர்ந்த ஸ்டோக்ஸ் மக்களைத் திரட்டிப் போராடினார். 1921இல் அக்கொடுமை அங்கு ஒழிந்தது. அதே ஆண்டு விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டதற்காக அவர் சிறையும் சென்றார்.

இமயமலையில் அதற்கு முன்பே ஆங்கில ஆப்பிள்கள் இருந்தன. ஆனால் அவை புளிப்பானவை. ஆகவே 1916இல் அவர் 'ரெட் டெலிஷியஸ்' என்னும் இனிப்பு வகைக் கன்றுகளை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். கைப்பிடி நிலம் உடையவர் தானியத்தை விட்டு அதை நட அஞ்சுவது இயல்பே. எனவே முதலில் தம் நிலத்திலேயே நட்டுப் பலன் கண்டார். பிறகு அண்டை உழவர்களுக்குக் கன்றுகளை இலவசமாக வழங்கினார். குழி எடுத்து நடவும், ஒட்டுக் கட்டவும், கவாத்து செய்யவும் தாமே கற்றுக் கொடுத்தார். தம் மகன் தாரா எட்டு வயதில் இறந்தபோது, அத்துயரிலும் அவன் பெயரால் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நிறுவினார்.

1932இல் இந்து சமயம் தழுவிச் சத்யானந்த் என்று பெயர் பூண்ட அவர், 1946 மே 14இல் மறைந்தார். இன்று சிம்லா மாவட்டம் ஆப்பிளுக்குப் புகழ் பெற்று விளங்குகிறது.

கனியைக் கொடுத்தால் ஒருநாள் பசி தீரும். கன்றையும் அதைப் பேணும் அறிவையும் கொடுத்தால் ஒரு குடும்பமே நிமிரும். ஆனால் உழைப்பவரின் கைகளுக்கு விடுதலை இல்லையேல் இரண்டும் வீணே. இதை உணர்ந்ததே ஸ்டோக்ஸின் பெருமை. நம் ஊரைச் சுற்றி வயல்கள் குறைந்து தொழிற்சாலைகள் பெருகிவிட்ட இந்நாளில், எஞ்சியுள்ள சிற்றுழவர்களை நாம் மதிப்போம். நாம் கற்கும் கல்வியும் ஒருநாள் அவர்களுக்குக் கை கொடுக்குமாறு வாழ்வோமாக!