சூதாட்டத்தை வென்ற எழுத்தாளர்

உலகத்தின் தலைசிறந்த நாவலாசிரியர்கள் யார் என்று கேட்டால், படித்தவர்கள் முதல் நாலைந்து பேருக்குள் ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயர் தஸ்தயேவ்ஸ்கி. ரஷ்ய நாட்டுக்காரர். 'குற்றமும் தண்டனையும்' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவர் இவரே.

இந்தப் பெரிய எழுத்தாளர் ஒரு சூதாடி!

சாதாரணச் சூதாடி அல்ல. கட்டிய மனைவியின் கம்மலை அடகு வைத்து ஆடியவர். இனிமேல் தொடுவதில்லை என்று பல முறை சத்தியம் செய்தார். பல முறை அதை மீறினார். கடைசியில் ஒரு நாள் விட்டார். விட்ட பிறகு சாகும் வரை தொடவில்லை.

எப்படி விட்டார்? நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. அதுவும் பண்டிகை நெருங்கும் நேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பண்டிகையும் பணமும்

தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பண்டிகை என்றால் கொண்டாட்டம்தான். தீபாவளிக்குப் போனஸ் வரும். பொங்கலுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வீடு வந்து சேருவார்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு ஊர் ஊராகக் கூட்டம் திரளும். வேலைக்கு ஓய்வு உண்டு. பழைய கூட்டாளிகள் உண்டு. மடியில் காசும் உண்டு. சீட்டுக்கட்டு வெளியே வருவதும் அப்போதுதான்.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003-ம் ஆண்டு ஜனவரியில் தடை செய்யப்பட்டது. ஆனால் லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறினால் குமுளி. அது கேரளம். அங்கே லாட்டரியை நடத்துவதே அரசாங்கம். ஓணத்துக்கு ஒரு பம்பர், பூஜைக்கு ஒரு பம்பர், கிறிஸ்துமஸ் புத்தாண்டுக்கு ஒரு பம்பர், விஷுவுக்கு ஒரு பம்பர். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலை ஏறுகிறவர்கள் கூலிப் பணத்தோடு ஊர் திரும்பும்போது, லாட்டரிக் கடையும் கண்ணில் படத்தான் செய்கிறது.

ஆறு மாதம் சீட்டைத் தொடாமல் இருந்தவர், ஒரு வருஷம் லாட்டரி வாங்காமல் இருந்தவர், இந்த நாட்களில்தான் வழுக்கி விழுகிறார். நல்ல நாள்தானே, ஒரே ஓர் ஆட்டம்தானே என்று மனம் சமாதானம் சொல்கிறது.

தஸ்தயேவ்ஸ்கியும் இப்படித்தான் விழுந்தார். அவர் ஊரிலும் அந்தச் சூதாட்ட விடுதி கிடையாது. எல்லையைத் தாண்டினால் இருந்தது!

சாவின் வாசலில்

தஸ்தயேவ்ஸ்கி 1821-ம் ஆண்டு மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை, ஏழைகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர். மகன் ராணுவ இன்ஜினீயரிங் படித்தார். ஆனால் அவருடைய மனம் எழுத்தில்தான் இருந்தது. 24 வயதில் முதல் நாவல் வெளிவந்தது. ஒரே நாளில் புகழ் பெற்றார்.

1849-ல் போலீசார் அவரைப் பிடித்தார்கள். தடை செய்யப்பட்ட எழுத்துக்களைப் படித்து விவாதித்த கூட்டத்தில் சேர்ந்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. மரண தண்டனை என்று அறிவித்தார்கள். மைதானத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முதல் மூன்று பேரைக் கம்பத்தில் கட்டினார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். அடுத்த வரிசையில் தஸ்தயேவ்ஸ்கி நின்றார்.

கடைசி நிமிடத்தில் சக்கரவர்த்தியின் உத்தரவு வாசிக்கப்பட்டது. உயிர் தப்பியது! நான்கு ஆண்டு சைபீரியாவில் காலில் விலங்கோடு கடின உழைப்பு. அதன் பிறகு அங்கேயே சிப்பாய் வேலை. 1859-ம் ஆண்டின் கடைசியில்தான் தலைநகரான பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். வலிப்பு நோய் அவரை விடாமல் வாட்டியது.

துப்பாக்கி முனையையும் சைபீரியப் பனியையும் தாங்கிய மனிதர் அவர். அவரை ஒரு சின்னப் பந்து வீழ்த்திவிட்டது.

உருளும் பந்து

அந்த நாளில் ஜெர்மனியில் வீஸ்பாடன், பாடன்-பாடன், ஹோம்பர்க் என்று ஊற்று நீருக்குப் பெயர் போன ஊர்கள் இருந்தன. நாம் குற்றாலத்துக்கும் சுருளிக்கும் போவதுபோல, வசதி படைத்தவர்கள் விடுமுறையில் அங்கே போவார்கள். குளிப்பார்கள், அந்த நீரைக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்வார்கள். மாலையில் ரூலெட் ஆடுவார்கள்.

ரூலெட் என்பது சுழலும் தட்டு. அதில் 37 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு பூஜ்யம். பந்து எந்தக் குழியில் விழுகிறதோ அந்த எண்ணில் பணம் கட்டியவருக்கு வெற்றி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 37 பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் வீதம் 37 குழிகளிலும் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 37 ரூபாய். வென்றவருக்குக் கிடைப்பது 36 ரூபாய்தான். மிச்சம் ஒரு ரூபாய் விடுதிக்கு! ஒவ்வொரு சுற்றிலும் இப்படித்தான். ஆடுகிறவர்கள் மாறுவார்கள். விடுதி மட்டும் தோற்பதே இல்லை.

1863-ல் தஸ்தயேவ்ஸ்கி வீஸ்பாடனில் ஆடினார். பத்தாயிரம் பிராங்குக்கு மேல் வென்றார். அப்போதே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பாதியைத் தோற்ற பிறகுதான் ஊரை விட்டுக் கிளம்பினார். அந்த முதல் வெற்றிதான் அவருக்கு விஷமாக முடிந்தது. பதற்றப்படாமல் ஆடினால் எப்போதும் ஜெயிக்கலாம் என்ற எண்ணம் அவர் மனத்தில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது.

1864-ல் மனைவி இறந்தார். சில மாதங்களில் அண்ணனும் இறந்தார். அண்ணன் பட்ட கடனைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார் தஸ்தயேவ்ஸ்கி. அடுத்த ஆண்டு மறுபடியும் வீஸ்பாடன் போனார். ஐந்தே நாளில் கையிருப்பு அத்தனையும் போயிற்று. கடிகாரமும் போயிற்று. தங்கியிருந்த ஓட்டலில் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். வெறும் தேநீர்தான்! அந்தப் பட்டினியோடுதான் 'குற்றமும் தண்டனையும்' நாவலை எழுதத் தொடங்கினார்.

26 நாளில் ஒரு நாவல்

பணமுடையில் ஒரு பதிப்பாளரிடம் 3,000 ரூபிள் வாங்கினார். நிபந்தனை பொல்லாதது. 1866 நவம்பர் 1-ந்தேதிக்குள் புதிய நாவல் ஒன்று தர வேண்டும். தவறினால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதை எல்லாம் அந்தப் பதிப்பாளர் காசு கொடுக்காமலே அச்சிடலாம்!

அக்டோபர் பிறந்தும் ஒரு வரி எழுதவில்லை. நண்பர்கள் சொன்னபடி ஒரு சுருக்கெழுத்துப் பெண்ணை வேலைக்கு வைத்தார். பெயர் அன்னா. வயது 20. அவர் சொல்லச் சொல்ல அன்னா எழுதினார். 26 நாளில் நாவல் முடிந்தது. அதன் பெயர் 'சூதாடி'.

சூதாடியின் மனம் எப்படித் துடிக்கும், எப்படித் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் என்பதை எல்லாம் அந்த நாவலில் எழுதினார். நோயை அவ்வளவு நன்றாக அறிந்தவர் உலகத்தில் இல்லை. ஆனால் எழுதிய மறு ஆண்டே மறுபடியும் ஆடினார்! சூது கெடுதல் என்று தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடகுக் கடையில் கம்மல்

1867 பிப்ரவரியில் அன்னாவையே மணந்தார். கடன்காரர்கள் நெருக்கினார்கள். அன்னா தம் சீர்வரிசைச் சாமான்களை அடகு வைத்துப் பணம் திரட்டினார். இருவரும் வெளிநாடு கிளம்பினார்கள். மூன்று மாதம் என்று போனவர்கள் நான்கு ஆண்டு திரும்பவில்லை.

அந்தக் கோடையில் பாடன்-பாடனில் ஏழு வாரம் தங்கினார்கள். கல்யாண மோதிரம் அடகுக்குப் போயிற்று. கணவர் பரிசாகக் கொடுத்த கம்மல் போயிற்று. சால்வை போயிற்று. உடுத்தும் துணியும் போயிற்று. தோற்று வந்து மனைவியின் காலடியில் விழுந்து அழுவார். மறுநாள் மீண்டும் போவார்.

அன்னா என்ன செய்தார்? திட்டவில்லை. குத்திக்காட்டவில்லை. இது கெட்ட புத்தி அல்ல, ஒரு நோய் என்று புரிந்துகொண்டார். ஆனால் கேட்டபோதெல்லாம் பணத்தையும் கொடுத்தார். கொடுத்த வரை அவரும் ஆடிக்கொண்டே இருந்தார்.

1868-ல் ஜெனீவாவில் முதல் பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் நிறைவதற்குள் இறந்துவிட்டது. துக்கம் தாங்காமல் துடித்தார் தஸ்தயேவ்ஸ்கி. அந்தத் துக்கமும் சூதை நிறுத்தவில்லை.

கடைசி ஆட்டம்

1871 ஏப்ரல். மீண்டும் வீஸ்பாடன். கொண்டுபோனதைத் தோற்றார். ஊர் திரும்ப மனைவி அனுப்பிய 30 தாலரையும் ஆடித் தோற்றார். இருட்டில் தெருத் தெருவாக ஓடி, ரஷ்யப் பாதிரியார் ஒருவரைத் தேடினார். வழி தவறி வேறு ஏதோ கோயிலின் முன்னே போய் நின்றார். அறைக்குத் திரும்பி, இதுதான் கடைசி என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார்.

அன்னா அதை நம்பவில்லை. இப்படி எத்தனை கடிதம் பார்த்தவர் அவர்! ஆனால் இந்த முறை வாக்கு நிலைத்தது. அப்போது தஸ்தயேவ்ஸ்கிக்கு வயது 49.

முன்பு செய்த சத்தியமெல்லாம் உடைந்தது. இது மட்டும் எப்படி நிலைத்தது? இந்த முறை சத்தியத்தைத் தனியே விடவில்லை. அதைச் சுற்றி வேலி எழுந்தது.

முதல் வேலி, தூரம். சில மாதத்திலேயே குடும்பத்தோடு ரஷ்யா திரும்பினார். சூதாட்ட மேஜை எட்டாத தொலைவுக்குப் போயிற்று.

இரண்டாம் வேலி, பணப்பை. வரவு செலவை அன்னா கையில் எடுத்துக்கொண்டார். கடன்காரர்களிடம் அவரே பேசினார். 1873-ல் கணவருடைய நாவலை அவரே அச்சிட்டு விற்றார். இப்படியே கடனை அடைத்தார்.

மூன்றாம் வேலி, சட்டம். 1872-ம் ஆண்டு முடிவோடு ஜெர்மனியில் சூதாட்ட விடுதிகள் மூடப்பட்டன. 1874, 1875, 1876, 1879 ஆகிய ஆண்டுகளில், மூச்சுக் கோளாறுக்கு மருந்து நீர் குடிக்க ஜெர்மனியில் உள்ள எம்ஸ் என்ற ஊருக்குப் போனார். மனைவி உடன் செல்லவில்லை. மான்டி கார்லோவில் அப்போதும் பந்து உருண்டுகொண்டுதான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. தண்ணீரைக் குடித்தார், மனைவிக்குக் கடிதம் எழுதினார், வீடு திரும்பினார்.

நான்காம் வேலி, வேலை. இரவெல்லாம் எழுதினார். 'கரமசோவ் சகோதரர்கள்' என்ற மாபெரும் நாவல் 1880-ல் முடிந்தது. 1881-ல் அவர் இறந்தபோது ஊரே திரண்டு வந்து வழியனுப்பியது.

நம் வீட்டு வேலி

இந்த நான்கு வேலியும் நம் வீட்டிலும் போடக்கூடியவைதான்.

சூதை விட்டவர் பண்டிகைக்கு முன்பே போனஸ் பணத்தை மனைவி கையிலோ, அம்மா கையிலோ கொடுத்துவிடட்டும். மலையிலிருந்து இறங்கும்போது தனியாக இறங்க வேண்டாம். சீட்டு போடும் திண்ணைப் பக்கம் வேடிக்கை பார்க்கவும் போக வேண்டாம். அந்த நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளட்டும். செல்போனில் சூதாட்டச் செயலி இருந்தால் இன்றே நீக்கட்டும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றியிருக்கிறது.

தவறி ஒரு முறை ஆடிவிட்டால்? விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுபடி உட்காரக் கூடாது. அன்று இரவே வீட்டில் சொல்லிவிட வேண்டும். மறைத்தால்தான் ஒன்று பத்தாகும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்னா திட்டாமல் இருந்ததைப் பின்பற்றுங்கள். பணம் கொடுத்துக்கொண்டே இருந்ததைப் பின்பற்றாதீர்கள். பழைய தோல்வியைப் பண்டிகைப் பந்தியில் பேசாதீர்கள். தீபாவளி அன்று அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

சூதாட்ட வெறியை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனம் கணக்கில் வைத்திருக்கிறது. நோய் என்றால் டாக்டரிடம் போவதில் வெட்கம் என்ன? க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை.

உலகம் போற்றிய மேதைக்கே தனியாக நின்று ஜெயிக்க முடியவில்லை. மனைவியும் ஊரும் சட்டமும் துணை நின்றபோது ஜெயித்தார். துணை கேட்பது கேவலம் அல்ல.

இந்தப் பண்டிகைக்கு வீட்டுக்காரியின் கம்மல் அவள் காதிலேயே இருக்கட்டும்.