மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை



கோர்ட்டு என்றாலே ஏழைக்கு நெஞ்சு படபடக்கிறது. நியாயம் தன் பக்கமே இருந்தாலும், அங்கே பேசுவது இன்னதென்று அவனுக்கு விளங்குவதில்லை. இதைக் கண்டு மனமிரங்கிய ஒரு கத்தோலிக்கர், காவேரிக் கரையிலுள்ள சிறு பட்டணமொன்றில் நீதிபதியாய் இருந்தார். தமிழில் முதல் நாவலை எழுதியவரென்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் வேதநாயகம் பிள்ளையே அவர்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ம் வருஷம் அக்டோபர் 11-ம் தேதி பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் நன்றாய்க் கற்றார். திருச்சி நியாயஸ்தலத்தில் முதலில் தஸ்தாவேஜுகளைப் பாதுகாக்கும் வேலை. பின்பு மொழிபெயர்ப்பாளர் வேலை. 1857-ல் தரங்கம்பாடி முன்சீப்பாக நியமனம் பெற்றார். பிறகு சீர்காழியிலும், முடிவில் இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயூரத்திலும் நீதி செலுத்தி, 1872-ல் ஓய்வு பெற்றார்.

அந்நாளில் மேல்கோர்ட்டுத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. அப்பாஷை தெரியாதவனுக்கு அவை பூட்டிய பெட்டிதான். பிள்ளையவர்கள் அந்தப் பூட்டைத் திறந்தார். சென்னை சதர் கோர்ட்டு அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிட்டார். 1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும், தமிழ் ஜனங்களின் வழக்கில் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கண்டித்து எழுதினார். கைக்கூலி வாங்குவதைத் தம் நீதிநூலில் வன்மையாய்க் கடிந்தார். லஞ்சம் தேடிவரக்கூடிய நாற்காலியில் அமர்ந்திருந்தவர் எழுதிய வார்த்தைகள் அவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

உத்தியோகம் முடிந்ததும் ஊர்க்காரியம் முடிந்துவிடவில்லை. மாயூரம் நகரசபைத் தலைவராயும் உழைத்தார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், அந்தத் தர்மத்தைக் கண்டு அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார்.

தேவமாதாவின்மேல் அந்தாதி பாடிய பக்தர் அவர். தம் வேதத்தில் உறுதியாய் நின்றபடியே, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடும் திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரோடும் உயிர் நட்புக் கொண்டிருந்தார். 1889-ம் வருஷம் ஜூலை 21-ம் தேதி சர்வேசுரன் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார்.

வாசகரே, நாம் முன்சீப்பு அல்ல, நாவலாசிரியரும் அல்ல. ஆனாலும் நம் தெருவில் ஒரு விதவைக்குக் கோர்ட்டுச் சம்மன் வருகிறது. கூலிக்காரர் ஒருவருக்குப் பாங்கியிலிருந்து ஆங்கிலக் கடிதம் வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாய் அலைகிறார்கள். படித்த நாம் வேலையிருக்கிறதென்று அனுப்பிவிடுகிறோமா? அல்லது திண்ணையில் உட்காரவைத்து, வாசித்துப் பொருள் சொல்கிறோமா? படிப்பு நமக்குச் சோறு போடுவதற்கு மட்டும் அருளப்பட்டதல்ல. இந்த வாரம் அப்படி ஒருவர் நம் வாசலுக்கு வந்தால், பிள்ளையவர்களை நினைத்துக்கொண்டு, ஒரு கால்மணி நேரமாவது அவருக்குக் கொடுப்போம். அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒரு பரலோக மந்திரமும் சொல்லுவோம்.