கடல் தாண்டி நம்ம சேந்தமங்கலம் வரைக்கும் வந்தவர்



போன வாரம் சமூக அறிவியல் டீச்சர் உலகக் குடிமக்கள் என்ற தலைப்பைக் கொடுத்து, ஆளுக்கு ஒருத்தரைப் பற்றி சுவர்ப் பத்திரிகைக்கு எழுதச் சொன்னாங்க. காந்தி, அன்னை தெரசா, மண்டேலா என்று எல்லாரும் முந்திக்கொண்டு பெயர் கொடுத்துவிட்டார்கள். எனக்கு யாரும் மிஞ்சல. தமிழ் ஐயாதான் ராபர்ட் டி நொபிலி என்று ஒரு பெயர் சொன்னார். தமிழில் தத்துவ போதகர் என்பார்கள். அவர் நம்ம சேலம், சேந்தமங்கலம் பக்கமெல்லாம் வந்தவர் என்று ஐயா சொன்னதும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

பிறப்பும் பயணமும்

நொபிலி 1577ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் வசதியான பிரபு குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் இருந்திருந்தால் சொத்து, பதவி எல்லாம் வந்திருக்கும். அதை விட்டுவிட்டு இயேசு சபையில் சேர்ந்து துறவி ஆனார். 1604இல் லிஸ்பன் நகரத்தில் கப்பல் ஏறினார். கோவா வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 1606இல் மதுரைக்கு வந்தார்.

மதுரையில் பட்ட பாடு

அப்போது மதுரையை நாயக்கர்கள் ஆண்டார்கள். அங்கே ஏற்கெனவே போர்ச்சுகல் நாட்டுப் பாதிரியார் ஒருவர் பல வருஷமாக இருந்தார். ஆனால் ஊர் மக்கள் அவரிடம் நெருங்கவில்லை. ஐரோப்பாக்காரர்களைப் பறங்கி என்று சொல்லி ஒதுக்கி வைத்தார்கள்.

நொபிலி இதை யோசித்துப் பார்த்தார். மக்கள் நம்மை மாதிரி மாறணும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தன்னை மாற்றிக்கொண்டார். காவி உடுத்தினார். காலில் மரக்கட்டைச் செருப்பு போட்டார். மாமிசத்தை விட்டுவிட்டு ஒரு வேளை மட்டும் சோறும் காய்கறியும் சாப்பிட்டார். தமிழ் படித்தார், அப்புறம் தெலுங்கு. சிவதர்மர் என்ற பண்டிதரிடம் சமஸ்கிருதமும் கற்றார். நமக்கு இங்கிலீஷ் ஒன்று படிக்கவே நாக்கு தள்ளுகிறது!

பேசினதோடு நிற்காமல் தமிழில் புத்தகங்களும் எழுதினார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் எல்லாம் அவர் எழுதியவை. அந்தக் காலத்தில் பெரும்பாலும் செய்யுளில்தான் எழுதுவார்கள். இவர் உரைநடையில் எழுதினார். அதனால் தமிழ் உரைநடையின் தந்தை என்று இவரைச் சிலர் சொல்கிறார்கள்.

சொந்த ஆட்களே எதிர்த்தார்கள்

இப்படி வாழ்ந்ததற்கு அவருக்கு மாலை மரியாதை கிடைக்கவில்லை. மதுரையில் இருந்த அந்தப் பாதிரியாரே 1610இல் அவர் மேல் புகார் எழுதினார். குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் வைத்துக்கொண்டு வேற்று மதத்துக்காரராக மாறிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 1619இல் கோவாவில் கூட்டம் போட்டு விசாரித்தார்கள். 1623 ஜனவரியில்தான் ரோமில் இருந்த போப்பாண்டவர் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பதின்மூன்று வருஷம்! நான் எட்டாவது படிக்கும்போது செய்யாத தப்புக்கு ஒரு பீரியடு வெளியே நின்றதற்கே இரண்டு நாள் அழுதேன்.

நம்ம பக்கம் வந்தது

அந்த 1623ஆம் வருஷமே நொபிலி மதுரையை விட்டு வடக்கே கிளம்பினார். திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்தார். அப்போது அங்கே ராமச்சந்திர நாயக்கர் என்ற பாளையக்காரர் இருந்தார். அவர் நொபிலியை நல்ல முறையில் வரவேற்றார். அங்கிருந்து சேலம் போனார். சேலத்தில் முதலில் வீடு கிடைக்காமல் சத்திரத்தில் தங்கி, காய்ச்சலில் விழுந்தார். அப்புறம்தான் மக்கள் பழகி இடம் கொடுத்தார்கள்.

இதைப் படித்ததும் எங்கப்பா ஞாபகம் வந்தது. அப்பா ரிக் வண்டியில போர் போடுற வேலைக்கு வடக்கே போகிறவர். வருஷத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில்தான் இருப்பார். போன புதுசுல பாஷை தெரியாம, கடையில கை காட்டித்தான் சாப்பாடு வாங்குவாராம்.

எனக்குப் பிடிக்காத ஒன்று

நல்லதை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது என்று டீச்சர் சொன்னாங்க. அதனால் இதையும் எழுதுகிறேன். நொபிலி உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்களோடு பழகுவதற்காக, தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகச் சேரவில்லை. அவர்களுக்குக் கோயில்கூட தனி. 1640 வாக்கில்தான் அவர்களுக்காகப் பண்டாரசாமிகள் என்று வேறு பாதிரியார்கள் வந்தார்கள். அந்தக் காலம் அப்படி என்று சிலர் சொல்லலாம். ஆனால் அவ்வளவு பெரிய கடலைத் தாண்டினவர் பக்கத்துத் தெருவுக்குப் போகலையே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கடைசிக் காலம்

1640இல் அவரை மதுரையில் சிறையில் வைத்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்துக்கும், அங்கிருந்து மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். அதற்குள் கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. அப்போதும் புத்தக வேலையை விடவில்லை. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 1656 ஜனவரி 16ஆம் தேதி மயிலாப்பூரில் இறந்தார். திரும்ப இத்தாலியைப் பார்க்கவே இல்லை.

நான் சொல்ல நினைப்பது

எங்க வகுப்பில் இந்த வருஷம் ஒடிசாவிலிருந்து ஒரு புள்ள வந்து சேர்ந்திருக்கிறாள். அவள் அப்பா அம்மா கோழிப் பண்ணையில் வேலை செய்கிறார்கள். கடைசி பெஞ்சில் தனியாக உட்காருவாள். அவள் பழம் என்பதைப் பலம் என்று படித்தபோது வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நாம மட்டும் வீட்டில வாளப்பளம்னு சொல்லலையா? நாமளும் அவளைப் பறங்கி மாதிரிதானே ஒதுக்கி வைத்தோம்?

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த அன்று மத்தியானம் என் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தண்ணிக்கு உங்க பாஷையில என்ன என்று கேட்டேன். பாணி என்றாள். சாயந்திரம் அப்பா போன் பண்ணினப்போ சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு, அந்த ஊருக்குப் போனதும் தாகத்துல தான் முதல்ல கத்துக்கிட்ட வார்த்தை அதுதான் என்றார்.

இன்னைக்கு அவளிடம் இரண்டாவது வார்த்தை கேட்கணும். நீங்களும் வாங்க.



ஒன்பதாம் வகுப்பு மாணவி