பன்னீர் திராட்சைக்கு நீர் தந்த பென்னிகுவிக்: கொடிக்குத் தண்ணீர் குறையும்போது நாம் செய்ய வேண்டியவை

ராயபுரம், திருவொற்றியூர் கடைத்தெருக்களில் தள்ளுவண்டி நிறையக் குவிந்திருக்கும் பன்னீர் திராட்சையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இந்த ரகத்துக்குப் பேர்போன இடம் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மழை மறைவுப் பகுதியான அங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கிறது என்றால், அதற்கு வழி செய்தவர்களில் முதன்மையானவர் கர்னல் ஜான் பென்னிகுவிக்.

பிறப்பும் பணியும்

பென்னிகுவிக் 1841 ஜனவரி 15ம் தேதி புனேயில் பிறந்தார். அவருக்கு எட்டு வயது முடிவதற்கு இரண்டு நாட்கள் இருந்தபோது, ராணுவ அதிகாரியான தந்தையும் அண்ணன் ஒருவரும் பஞ்சாபில் சிலியன்வாலா போரில் ஒரே நாளில் இறந்தனர். இங்கிலாந்தில் படித்து முடித்த அவர், சென்னை மாகாணப் பொறியாளர் படையில் சேர்ந்து 1860ல் இந்தியா வந்தார். ராயபுரம் ரயில் நிலையம் திறந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே நிற்க, மசூலா படகுகளில் அலைகளைக் கடந்துதான் ஆட்கள் கரைக்கு வர வேண்டும்.

பிறகு பொதுப்பணித் துறையில் நீர்ப்பாசனப் பணிகளைக் கவனித்தார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் மாகாணத்தையே உலுக்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை பெரியாற்றில் ஓடி அரபிக்கடலில் சேர்ந்தது. மலைக்குக் கிழக்கே வைகைப் படுகை காய்ந்து கிடந்தது. பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை 1800களின் தொடக்கத்திலேயே இருந்தாலும், முடியாது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 1882ல் திட்டத்தை முழுமையாக வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது.

காட்டில் எட்டு ஆண்டுகள்

1886ல் திருவிதாங்கூர் அரசுடன் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 1887ல் வேலை தொடங்கியது. சாலை இல்லாத அடர்காடு, யானைக் கூட்டம், விடாத மழை. கட்டிய தற்காலிக அணைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. ஒவ்வொரு முறையும் மறுபடி கட்டினார்கள். மலேரியாவிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பென்னிகுவிக் பெயரைச் சொல்லும்போது பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களையும் நாம் நினைக்க வேண்டும்.

சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஒரு மைலுக்கும் சற்று நீளமான சுரங்கம் மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே கொண்டு வந்தது. சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்பது மக்கள் சொல்லி வரும் செவிவழிக் கதை. அணை கட்டப்பட்டது சென்னை மாகாண அரசின் செலவில்தான். அந்தக் கதையைச் சேர்க்காமலே அவர் உழைப்பு பெரியது.

பணி ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தில் பொறியியல் கல்லூரி ஒன்றின் தலைவராக இருந்தார். 1899ல் ஆஸ்திரேலியா சென்று பிரிஸ்பேன் நகரின் வெள்ளப் பிரச்னைக்கு ஆலோசனை வழங்கினார். 1911 மார்ச் 9ம் தேதி கேம்பர்லியில் காலமானார். தேனி மாவட்ட விவசாயிகள் இன்றும் தைப் பொங்கலை ஒட்டி வரும் அவரது பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கின்றனர். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது.

திராட்சையும் தண்ணீரும்

கம்பம் பகுதித் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் கிணற்றை நம்பியவை. ஆற்றிலும் கால்வாயிலும் தண்ணீர் ஓடினால்தான் கிணற்றில் ஊற்று இருக்கும். தண்ணீர் குறைந்தால் கொடிக்கு என்ன ஆகும் என்பது, அது எந்தப் பருவத்தில் குறைகிறது என்பதைப் பொறுத்தது.

* கவாத்துக்குப் பின் துளிர்க்கும் பருவம்: தண்ணீர் குறைந்தால் பற்றுக்கம்பிகள் வாடும், கணு இடைவெளி சுருங்கும், இலைப்பரப்பு குறையும். இலை குறைந்தால் பழத்துக்குச் சர்க்கரை சேர வழியில்லை.
* பூக்கும், பிஞ்சு பிடிக்கும் பருவம்: இதுதான் ஆபத்தான கட்டம். பூ உதிரும். பிஞ்சில் திசுக்கள் பெருகும் நேரத்தில் ஈரம் இல்லாவிட்டால் மணி சிறுத்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்தக் குறை முழுதாகச் சரியாகாது.
* நிறம் ஏறும் பருவம்: இப்போது லேசான பற்றாக்குறை நல்லது. நிறமும் இனிப்பும் கூடும். பற்றாக்குறை அதிகமானால் இலை உதிர்ந்து, மணி சுருங்கி, இனிப்பு ஏறாமல் நின்றுவிடும்.
* காய்ந்த நிலத்தில் திடீரென நிறையப் பாய்ச்சினால் பழத்தோல் வெடித்து அழுகல் நோய் வரும்.

எனவே இருக்கும் தண்ணீரைப் பூக்கும், பிஞ்சு பிடிக்கும் பருவத்துக்கு முதலில் ஒதுக்குங்கள். கவாத்துக்கு முன் 10 முதல் 15 நாட்களும், அறுவடைக்கு முன் ஒரு வாரமும் பாசனத்தை நிறுத்தலாம். சொட்டுநீரும் மூடாக்கும் அவசியம்.

வடசென்னைக்கு ஒரு வார்த்தை

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர், அதை அடுத்த மீஞ்சூர் பகுதிகளில் பற்றாக்குறை வேறு உருவில் வந்தது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாகின. திராட்சை உப்பைத் தாங்காத பயிர். மண்ணின் மின்கடத்துத்திறன் 1.5 டெசிசைமன் அளவைத் தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும். உப்பு மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இலை ஓரம் கருகும். இப்பகுதியில் வீட்டுப் பந்தலுக்கு ஒரு கொடி வைப்பதானாலும் முதலில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதியுங்கள்.

வீணாகக் கடலுக்குப் போன மழைநீரைத் தேக்கித் தேவையான இடத்துக்குத் திருப்பினார் பென்னிகுவிக். அந்த வேலையைச் சிறிய அளவில் நாமும் செய்யலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பண்ணைக்குட்டையைத் தூர்வாருங்கள், கிணற்றோரம் மழைநீர் உறிஞ்சுகுழி அமையுங்கள். அடுத்த கோடையில் பூக்கும் பருவத்துக்குத் தேவையான தண்ணீரை இந்த மழையிலேயே சேர்த்துவிடலாம்.