கே. எஸ். கிருஷ்ணன்

சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து செல்வோர், மேற்குமலைத் தொடரின் அடியில் வத்திராயிருப்பு என்னும் ஊரைக் காண்பர். இவ்விரு ஊர்களும் திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில், 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் உழவர், தமிழும் வடமொழியும் கற்றவர். மைந்தரும் பிற்காலத்தில் அறிவியற் செய்திகளைத் தமிழில் எழுதினார்.

திருவில்லிபுத்தூர், மதுரை, சென்னை ஆகிய ஊர்களிற் பயின்றபின் கிருஷ்ணன் கல்கத்தா சென்று இராமனிடம் ஆய்வு மாணவரானார். 1928இல் இராமன் விளைவை உலகிற்கு அறிவித்த கட்டுரை இருவர் பெயரையும் தாங்கியிருந்தது. 1930இல் நோபெல் பரிசு இராமனுக்கே கிடைத்தது. கிருஷ்ணனோ அதற்குள் டாக்கா சென்று, படிகங்களின் காந்தப் பண்புகளை அளப்பதில் மூழ்கிவிட்டார். பரிசை எண்ணி ஏங்க அவருக்கு நேரமில்லை போலும்!

1942இல் அவர் அலகாபாத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். உலோகம் உருகியதும் அதன் மின்தடை சட்டென உயர்வது ஏன் என்னும் வினா அங்கு அவரை ஈர்த்தது. சங்கரன்கோவில் ஆடித்தபசு விழாவில் மக்கள் வரிசையாக ஒதுங்கி நின்றால் ஒருவன் தெருவில் ஓடிவிடலாம். வரிசை குலைந்து நெருக்கினால் பத்தடி நடப்பதும் அரிது. உலோகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் எலெக்ட்ரான்கள் தடையின்றிச் செல்லும். வெப்பத்தால் அணுக்கள் அதிர்ந்தாலும், அயற்பொருள் கலந்தாலும், உருகி அடுக்குக் குலைந்தாலும் எலெக்ட்ரான்கள் சிதறுகின்றன, தடை பிறக்கிறது. உருகிய உலோகம் எக்சு கதிர்களைச் சிதறச் செய்யும் பாங்கைக் கொண்டே அதன் மின்தடையைக் கணக்கிடலாம் என்று கிருஷ்ணனும் அவர் மாணவர் பாட்டியாவும் காட்டினர். கல்கத்தாவில் ஒளிச் சிதறலை ஆராய்ந்த கண்ணே இங்கும் துணைநின்றது எனலாம்.

1947இல் தில்லியில் தோன்றிய தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்திற்கு அவர் முதல் இயக்குநரானார். தாழ்வெப்பநிலை ஆய்வுக்கு அங்கு இடமளித்தார். பாதரசம் சுமார் -269 செல்சியசுப் பாகையில் மின்தடையை முற்றிலும் இழப்பதை 1911இல் ஆலந்து நாட்டு ஓன்னசு கண்டிருந்தார்; இத்தகையவை மீக்கடத்திகள் எனப்படும்.

1948இல் அமைந்த அணுசக்திக் குழுவிலும் கிருஷ்ணன் உறுப்பினரானார். அணுஉலையில் விரையும் நியூட்ரான்கள், படிகத்தின் அணுக்களை இடம்பெயரச் செய்து அடுக்கைக் குலைக்கும். மீக்கடத்தியில் இக்குலைவு சிறிதாயின், உள்ளே புகுந்த காந்தச் சுழல்களை நகரவிடாது பிணித்து, மிகுந்த மின்னோட்டத்தைத் தாங்க உதவும். மிகுதியாயின் மீக்கடத்தும் இயல்பையே குன்றச்செய்யும். இவ்வுண்மை பிற்கால ஆய்வாளரால் தெளிவாயிற்று. கிருஷ்ணனோ 1961ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள், இயக்குநராக இருக்கும்போதே மறைந்தார்.